திங்கட்கிழமை வரப்போகும் போன்

அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அதை விசாரிக்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. போனில் என்றால் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன், கடைசியில் நான் எல்லாவற்றுக்கும் சம்மதித்ததாக முடிந்துவிடும். அதனால் கையால் எழுதி, எங்கள் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து உன் மெயிலுக்கு அனுப்புகிறேன். முழுவதும் படித்த பிறகு கூப்பிடு. பாதியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உனக்கு முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்ததை அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இரவுக் காவல் முடிந்து வந்து தூங்க வேண்டிய மனிதர், எதிர்வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவரைக்கூட விடாமல் நிறுத்திவைத்து, "பெரியவ பல்கலைக்கழகத்துல சேர்ந்துட்டா, அடுத்தது டாக்டர் பட்டம்தான்" என்கிறார். அது இன்னும் தற்காலிகச் சேர்க்கைதான், சரிபார்ப்பு முடியவில்லை என்று நான் சொன்னதற்கு, "கடைப் பேச்சைக் கடையிலேயே வச்சுக்கோ" என்று வாயை அடைத்துவிட்டார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்று நின்று கால் வீங்குகிறது. உன் கட்டிலில் இப்போது அம்மாதான் படுக்கிறாள். காலைத் தூக்கி ஜன்னல் கட்டையில் வைத்துக்கொள்ள அதுதான் வசதி.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சேர்க்கைக் காலத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஒருவருக்கு மாற்றுச் சான்றிதழ் நகல், இன்னொருவருக்கு இடைவெளி ஆண்டுகளுக்கு விளக்கம், வேறொருவருக்குப் பேராசிரியர் பரிந்துரையை எங்கே ஏற்றுவது என்ற சந்தேகம். இரண்டு கையிலும் எந்நேரமும் தாள் இருப்பதால் முதலாளியம்மா கடைப் போனை ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்து எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதுவும் உனக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டு நம்பர் கேட்ட இடத்தில் கடை நம்பரைக் கொடுத்திருக்கிறாய். அப்பா பகலில் போனை அணைத்துவிட்டுத் தூங்குவார், அம்மாவின் போன் வேலை நேரத்தில் பெட்டியில் பூட்டிக் கிடக்கும், எல்லாம் சரி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

வியாழக்கிழமை மதியம் அந்தப் போன் வந்தது. சேர்க்கைப் பிரிவிலிருந்து ஒரு பெண். நல்ல குரல், மரியாதையான பேச்சு. உன் பெயரைச் சொல்லி, குடும்பச் சூழ்நிலைக்குக் கொடுத்த மதிப்பெண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்றார். முதலாளியம்மா, "சொல்லுங்க, நம்ம பொண்ணு வீடுதான்" என்றார், பெருமையாக. சேர்க்கைப் பிரிவு அம்மா நீ நேர்காணலில் சொன்னதைப் படித்தார். நீ மேலே படிக்க வேண்டும் என்பதற்காக உன் தங்கை பள்ளிப் படிப்பை விட்டாளாம். கடை வேலைக்குப் போய் உன்னைப் பட்டப்படிப்பு படிக்கவைத்தாளாம். இன்றைக்கு அவளால் ஒரு விண்ணப்பத்தைக்கூடத் தானாகப் படித்து நிரப்ப முடியாதாம். "இதெல்லாம் உண்மைதானாம்மா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் நான் கணினி முன்னால் உட்கார்ந்து, எப்போதும்போல வாய் திறக்காமல், சான்றிதழ்களைப் பார்த்து வேறொருவரின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். வரிசையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நான் யாருக்காக நிரப்பிக்கொண்டிருந்தேனோ அந்த ஆள், "ஏம்மா, அப்ப இவ்வளவு நேரமா என்னோடதை நிரப்பினது யாரு, பேயா?" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. பின்னால் நின்ற பெண் ஒருத்தி, "பாவம்பா, விடுங்க" என்றாள். அந்தச் சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன் அக்கா. அந்தப் 'பாவம்'தான் இன்னும் காதில் குத்துகிறது.

நான் நாற்காலியில்தான் இருந்தேன். முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு வெளியில போயிருக்குங்க" என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை கூப்பிடுகிறேன், தங்கையிடமே பேச வேண்டும் என்று சொல்லி அந்த அம்மா வைத்துவிட்டார்.

சாயங்காலம் உனக்கு மெசேஜ் போட்டேன். உடனே கூப்பிட்டாய். நீ மன்னிப்புக் கேட்பாய் என்று நினைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும். "ஆமான்னு மட்டும் சொல்லிடுடி. நீ எப்படியும் அதுக்கு மேல பேச மாட்டே" என்றாய். கூடவே ஒரு சின்னச் சிரிப்பு வேறு. போனை வைத்துவிட்டு, அந்தச் சேர்க்கை விதிமுறைகளைக் கடைக் கணினியில் திறந்தேன்.

நான் ஏன் பள்ளியை விட்டேன் என்று உனக்கு மறந்திருக்காது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது எனக்குச் சத்தம் வரவில்லை. சத்தம் வரும்வரை பெஞ்சின் மேல் நில் என்றார் ஆசிரியை. அடுத்த நாளும் நிற்கவைத்தார், அதற்கு அடுத்த நாளும். ஒரு நாள் நீ சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு எங்கள் வகுப்புக்கு வந்தாய். பெஞ்சின் மேல் நின்ற என்னைப் பார்த்தாய். ஆசிரியையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கு வீட்டில் அம்மாவிடம், "அவளுக்குப் படிப்பு ஏறலம்மா, எதுக்குக் கஷ்டப்படுத்தறீங்க" என்றாய். படிப்பு எனக்கு நன்றாகவே ஏறியது. என் விடைத்தாள்களைப் பார்த்தவள் நீ. பேச முடியாதவளைப் படிக்க முடியாதவள் என்று அன்றைக்கு வீட்டில் சொன்னாய், இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லியிருக்கிறாய்.

உனக்காக நான் எதையும் விடவில்லை. பள்ளியை விட்டுச் சில வருடங்கள் வீட்டில் இருந்துவிட்டு நான் கடைக்குச் சேர்ந்தபோது உன் பட்டப்படிப்பே முடிந்துவிட்டது. எனக்கு நடந்தது எனக்கு நடந்தது. அது ஒன்றும் அழகான கதை இல்லை. ஆனால் என்னுடையது. அதை எடுத்துத் துடைத்து, தியாகம் என்று பெயர் வைத்து, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களிடம் நீட்ட உனக்கு யார் உரிமை கொடுத்தது?

கஷ்டத்துக்கு மதிப்பெண் உண்டு என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் அதற்கா பஞ்சம்? அம்மாவின் காலைச் சொல்லியிருக்கலாம். அப்பா பகலில் தூங்க வேண்டும் என்பதற்காக நாம் இருவரும் சமையலறையில் குசுகுசுவென்று பேசி வளர்ந்ததைச் சொல்லியிருக்கலாம். வரிசையில் நிற்கும் எல்லோர் வீட்டிலும் இது இருக்கும், இதற்கு யார் மதிப்பெண் போடுவார்கள் என்று உனக்குத் தோன்றியிருக்கும். அந்த விதியை எழுதியவர்கள்மீதும் எனக்குக் கோபம்தான். யாருடைய கண்ணீர் பெரியது என்று அளக்க உட்கார்ந்தால், இருப்பதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொல்லத்தான் தோன்றும். அதற்காக என்னைக் கூட்டியிருக்க வேண்டாம்.

இன்னொன்றும் யோசித்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பதிலாக நீதான் பேசுவாய். பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் கேட்பாய். டாக்டர் எங்கே வலிக்கிறது என்று என்னைக் கேட்டால், நீ பதில் சொல்வாய். உன் பின்னால் நிற்பது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நீ நல்லதாக நினைத்துத்தான் ஆரம்பித்தாய். எந்த இடத்தில் அது இப்படி ஆனது என்று தெரியவில்லை.

"ஆமான்னு சொல்லித் தொலையேன், ஒரு வார்த்தைதானே, உங்க அக்கா படிப்பாச்சே" என்கிறார் முதலாளியம்மா. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நான் அந்த விதிமுறைகளைப் படித்துப் பார்த்தேன், படிக்கத் தெரியாத தங்கை. பொய்த் தகவல் என்று தெரிந்தால் படிப்பின் எந்த நிலையிலும் சேர்க்கையை ரத்து செய்வார்கள். பட்டம் வாங்கிய பிறகும் செய்யலாம். சரிபார்ப்பு முடிவதற்குள் விண்ணப்பித்தவரே தகவலைத் திருத்திக்கொண்டால், அந்த மதிப்பெண்ணை மட்டும் கழித்துவிட்டுத் தரவரிசையில் மறுபடி வைப்பார்கள். உன் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கு இடம் நிற்கலாம். நிற்காமல் காத்திருப்புப் பட்டியலுக்கும் போகலாம். நிற்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை. எனக்கே பயமாகத்தான் இருக்கிறது. அப்பா தெருவில் எப்படி நடப்பார் என்பதையும் நினைக்காமல் இல்லை.

ஆனாலும் திங்கட்கிழமை அந்தப் போனை நான்தான் எடுப்பேன். முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நீயா பேசப் போறே?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். சேர்க்கைப் பிரிவு அம்மா கேட்டால் உள்ளதைச் சொல்வேன். குரல் நடுங்கும், பாதியில் நிற்கும், பரவாயில்லை, மறுபடி ஆரம்பிப்பேன்.

சனிக்கிழமை மதியம்வரை அவர்கள் அலுவலகம் திறந்திருக்கும். நீயே நேரில் போய்ச் சொல்லிவிடு. நீ சொன்னால் அது திருத்தம். நான் சொன்னால் அது புகார். வித்தியாசம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நீ படிக்க வேண்டும் அக்கா. நீ படிக்கக் கூடாது என்று நினைத்து நான் இதை எழுதுவதாக மட்டும் எடுத்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் வாய் திறந்து பேசப்போவது இதுதான் முதல் தடவை. அது உனக்கு எதிராக இருக்கும்படி செய்துவிடாதே.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத,
உன் தங்கை