அப்பாவின் முகச் சிவப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். இத்தனை நாளும் அதை வழக்கத்துக்காக எழுதியிருப்பேன், இன்றைக்கு மனசறிந்து எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே.

போனவாரம் வீடியோவில் பேசும்போது, அப்பா முகம் பளிச்சென்று தெரிகிறதே, புது போனா என்று கேட்டாயே, போன் பழசுதான், முகத்துக்குத்தான் லேசர் வைத்தியம் செய்தோம். முன்பே சொன்னால் அங்கே தவித்துக்கொண்டிருப்பாய் என்று மறைத்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே. அவர் மூக்கிலும் கன்னத்திலும் சிலந்தி வலை மாதிரி சிவப்புக் கோடுகள் படர்ந்திருந்தது உனக்குத் தெரியும். வெயிலில் பள்ளி பஸ் ஓட்டுகிற முகம் வேறெப்படி இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். போன வருடம் ஒரு குழந்தையின் தாய், டிரைவர் குடிக்கிறார், முகமே காட்டிக்கொடுக்கிறது என்று பள்ளியில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு சொட்டுக்கூடத் தொடாத மனுஷன். தினமும் பஸ்ஸை எடுக்குமுன் மற்ற டிரைவர்கள் பார்க்க இவர் மட்டும் ஒரு கருவியில் ஊதிக் காட்ட வேண்டும் என்றார்களாம். ஏழு மாதம் அதில் மூச்சு விட்டவர் என்னிடம் மூச்சு விடவில்லை. கூட ஓட்டுகிறவரின் மனைவி கடையில் வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாளே தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, தோலுக்கடியில் இருக்கிற பொடி ரத்தக் குழாய்கள் விரிந்துபோய் அப்படியே நின்றுவிட்டன, குடிக்காதவர்களுக்கும் வரும், வெயில்தான் இவருக்குக் கெடுதல் என்றார். அதை ஒரு தாளில் எழுதித் தருவீர்களா என்று அப்பா கேட்டார். கண்ணுக்குக் கவசம் போட்டு மூன்று தடவை லேசர் வைத்தார்கள். ரப்பர் பாண்டை இழுத்துச் சுண்டுகிற மாதிரி இருக்குமாம். முதல் தடவை இரண்டு நாள் முகம் வீங்கி, கண்ணாடியில் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று அவரே சிரித்தார். இப்போது மூக்கோரத்தில் ஓரிரண்டு கோடுதான் மிச்சம். மறுபடி வரலாம், தொப்பியும் களிம்பும் இல்லாமல் வெயிலில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளைப் படித்துவிட்டு பள்ளியில் இனி ஊத வேண்டாம் என்றார்களாம். இவரோ, பிள்ளைகள் ஏறுகிற வண்டி, சோதனை இருக்கட்டும், எல்லோருமே ஊதுவோம் என்று சொல்லி அப்படியே ஆக்கிவிட்டார். புகார் எழுதிய தாய் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, பிள்ளையை ஏற்றிவிடும்போது வணக்கம் சொல்கிறாராம். அது போதும் என்கிறார்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. அவர் வாடி வாடி வீட்டுக்கு வந்த நாட்களில், ஒருநாள் அவர் கழற்றிப் போட்ட சட்டையை, குடி வாடை அடிக்கிறதா என்று நானே எடுத்து முகர்ந்து பார்த்தேன். நேற்று களிம்பு தடவும்போது அதைச் சொல்லி அழுதுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியும், நான் கதவுகிட்டதான் நின்னுட்டிருந்தேன். நீயாவது சந்தேகமில்லாம இருக்கட்டும்னுதான் அன்னையிலிருந்து வந்ததும் உன் பக்கத்துல உக்காந்து பேச ஆரம்பிச்சேன்" என்றார்.

உனக்கும் அப்பாவின் தோல்தான், வெளியே போகும்போது முகத்துக்குப் பூசிக்கொள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசு, நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. இருவரும் ஒருவரையொருவர் நம்பி நீடூழி வாழ வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா