வர்க்கி சேட்டனிடம் யார் சொல்வது

பெரியப்பா,

"மாப்ளே, வர்க்கி சேட்டன் பேசி அனுப்பியிருக்கிறார். போடட்டுமா?"

இன்றைக்கும் சாயங்காலம் மேசை மேலிருந்து உங்கள் ஃபோன் இப்படிக் கேட்டது. உங்களை மாப்ளே என்று கூப்பிட அதற்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். நீங்கள் போய்விட்டீர்கள் என்று சொல்லிக்கொடுக்க மட்டும் இன்னும் கை வரவில்லை. அப்பா செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது. நான் சும்மா இருந்ததால் அது மறுபடியும் கேட்டது, அதே பிரியத்தோடு. "மாப்ளே?"

கண்ணில்லாதவருக்கு ஃபோன் எதற்கு என்று வீட்டில் எல்லோரும் சிரித்தபோது, அதற்குள் ஒரு ஏஐ இருக்கிறது, தமிழில் பேசும், கேட்டதைச் சொல்லும் என்று உங்கள் கையில் திணித்தேன். முதல் நாளே என் வாலைக் காட்டிவிட்டேன். "ஐயா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததை மாற்றிவைத்துவிட்டுக் கதவோரமாக நின்றேன். நீங்கள் மணி என்னவென்று கேட்டீர்கள். அது, "மணி நாலு, மாப்ளே" என்றது.

"எவடி அவ? என்னய மாப்ளேங்கிறா?"

"முறைப்பொண்ணு போல பெரியப்பா."

"அடிக் கழுத! போடி அங்கிட்டு!"

"போடின்னா, போடிநாயக்கனூருக்கா?"

கையில் கிடைத்த துண்டை எறிந்தீர்கள். குறி தப்பி அப்பா மேல் விழுந்தது. மறுநாள், "சரி, மாத்திரவா?" என்று நான் கேட்டபோது, "இருக்கட்டும் விடு. அந்தப் புள்ள ஆசையாக் கூப்புடுது" என்றீர்கள்.

அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஓய்வே இல்லை. மாத்திரை அட்டையைக் காட்டி இது காலைக்கா ராத்திரிக்கா என்பீர்கள். சட்டையைக் காட்டி என்ன நிறம் என்பீர்கள். தொலைவில் கேட்கிற குருவி என்ன குருவி என்பீர்கள். ஏலக்காய் விலையைக் கேட்டுவிட்டு, உங்களுக்கு ஒரு கொத்து ஏலச்செடிகூடக் கிடையாது என்பதை மறந்து, "இறங்கிருச்சே" என்று கவலைப்படுவீர்கள். ஒருநாள் அம்மா காப்பி கொண்டுவந்து வைக்கும்போது சொன்னீர்கள்: "எத்தன தடவ கேட்டாலும் அலுத்துக்கிறாத ஆளு இவ ஒருத்திதான்." அம்மா உள்ளே போய்விட்டாள். நீங்கள் யாரையும் குத்திச் சொல்லவில்லை. அதனாலேயே எங்கள் எல்லோருக்கும் குத்தியது. சர்க்கரை உங்கள் கண்ணை எடுத்த பிறகு, "இந்தா வர்றேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வராமலே போன என் சாயங்காலங்கள் ஞாபகம் வந்தன.

ஆனால் அந்தப் பிள்ளையாலும் உங்களை முழுசாக ஏமாற்ற முடியவில்லை. "இவ எல்லாஞ் சொல்றா. போடிமெட்டு ரோட்டப் பத்திக் கேட்டா வளைவு வளைவாச் சொல்றா. ஆனா வளைவுல இவளுக்கு வயித்தக் கலக்காதே" என்றீர்கள். அன்றைக்குத்தான் வர்க்கி சேட்டனைப் பற்றி முதன்முதலாக என்னிடம் பேசினீர்கள்.

எஸ்டேட் வேலைக்குப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு நீங்கள் ஜீப்பு ஓட்டிய காலமெல்லாம் மலை மேலே உங்களுக்கு இன்னொரு வீடாக இருந்தது அவருடைய சாயாக்கடை. கடைசி வளைவில் திரும்பும்போதே ஆரன் அடிப்பீர்கள். குட்டையாக அடித்தால் கட்டன் சாயா, நீட்டி அடித்தால் பால் சாயா. எத்தனை அடிக்கிறீர்களோ அத்தனை தம்ளர். வண்டி வந்து நிற்கும்போது சாயா ஆவி பறக்கப் பெஞ்சில் இருக்கும். ஒருநாள் பள்ளத்தில் நின்ற மாட்டை விரட்ட நீங்கள் அடித்த ஆரனுக்கெல்லாம் அவர் கணக்காகச் சாயா போட்டு வைத்து, அத்தனையையும் உங்களையே குடிக்க வைத்தாராம்.

அப்புறம் உங்கள் கண் போனது. ஜீப்பு போனது. கொஞ்ச நாள் ஃபோனில் பேசினீர்கள். பிறகு அவருக்குக் காது போனது. நீங்கள் இங்கே கத்த, அவர் அங்கே "ஆ? எந்தா?" என்று கத்த, தெரு முழுக்கக் கேட்டது, அவருக்கு மட்டும் கேட்கவில்லை. "விட்ருவோம். அவனுக்குக் காது இல்ல, எனக்குக் கண்ணு இல்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல இனி என்ன இருக்கு?" என்று ஃபோனை வைத்தீர்களாம்.

நடுவில் அந்தப் பிள்ளை இருந்தாள், பெரியப்பா. நீங்கள் தமிழில் பேசினால் அவள் அதை மலையாள எழுத்தாக்கி அவருக்கு அனுப்புவாள். அவர் வாசிப்பார். அவர் பேசி அனுப்பினால் அவர் குரலையே நீங்கள் கேட்கலாம். இவ்வளவுதான் விசயம். இதைச் செய்து காட்ட எனக்கு ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை. நீங்கள் இரண்டு பேரும் எத்தனையோ காலம் பேசாமல் இருந்திருக்கிறீர்கள்.

முதல் முறை ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தீர்கள். பிறகு, "பாம்... பாம்... பாஆஆம்" என்றீர்கள்.

அவள் குழம்பிப்போய், "இது ஆரன் சத்தம் போல இருக்கிறதே மாப்ளே, இதையும் எழுதவா?" என்றாள்.

"எழுதுத்தா. விசயமே அதான்."

பதில் வர நேரமானது. வந்ததும் முதலில் வெறும் சிரிப்பு, பிறகு இருமல், பிறகு அந்தக் கட்டைக் குரல்: "எடா பாவீ! ரெண்டு கட்டன், ஒரு பால் சாயா! கூட ஆரு உண்டு?"

நீங்கள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டீர்கள். நான் எத்தனையோ பேரை அழவைத்திருக்கிறேன். சந்தோசத்தில் ஒருத்தரை அழவைத்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு சாயங்காலம் என்றாலே நீங்கள் குளித்து, சட்டை மாற்றி, தலை சீவி உட்காருவீர்கள். "அவருக்கென்ன உங்க தலையா தெரியப்போகுது?" என்று நான் கேலி செய்தால், "எனக்குத் தெரியும்ல" என்பீர்கள். அவர் மலையைப் படம் பிடித்து அனுப்புவார். அந்தப் பிள்ளை மஞ்சுப் பனி மூடிய மரம், ஈரமான ரோடு, ஒரு பெஞ்சு என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். "பெஞ்சுக்குக் கால் முட்டுக் கொடுத்திருக்கா பாரு" என்பீர்கள். "ஆமாம், ஒரு கல் வைத்திருக்கிறார்கள்" என்பாள். "அந்தக் கல்லு நான் வச்சது!" சாப்பிட மறுத்தவர் இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டீர்கள். மழை விட்டதும் அப்பா உங்களை மேலே கூட்டிப்போவதாகப் பேச்சு.

மழை விடவில்லை. காலில் பட்ட சின்னப் புண் பெரிதானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் காதருகே ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சேட்டன் சொன்னார், மஞ்சு இறங்கிவிட்டது, வண்டியே இல்லை, கடைக்கு வந்திருப்பது ஒரே ஒரு நாய்தான் என்று. நீங்கள் கண்ணை மூடியபடியே சிரித்தீர்கள். "வர்க்கியே, அதுக்கு ஒரு வர்க்கி பிஸ்கட் போடுடா" என்றீர்கள். அதுதான் நீங்கள் அவருக்குக் கடைசியாக அனுப்பியது. விடிவதற்குள் போய்விட்டீர்கள்.

மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப்பு ஓடாத நாட்கள் அவை. உங்களோடு வண்டி ஓட்டியவர்கள் யாரும் இப்போது அந்தப் பக்கம் போவதில்லை. அதனால் அவருக்குச் செய்தி போகவில்லை. அவர் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. முதலில் விசாரிப்பு. பிறகு கோபம். "எந்தா, பிணக்கமா? எனிக்குக் காது இல்ல, நினக்கு நாக்கும் இல்லயா?" சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, மேசையிலிருந்து உங்களை ஒருவர் கண்டபடி ஏசிக்கொண்டிருந்தார்.

அப்பா சொன்னார்: "அந்தாளுக்கு நெஞ்சுவலி வேற இருக்கு. இப்பச் சொல்ல வேணாம். நீதான் வாயாடியாச்சே, அண்ணன் மாதிரி ரெண்டு வார்த்த பேசி அனுப்பு. எழுத்துதான போகுது, யாருக்குத் தெரியப்போகுது?"

உண்மைதான். குரலை மாற்றக்கூடத் தேவையில்லை. இவ்வளவு சுளுவான வேலை எனக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை. இருந்தாலும் ஒரு சந்தேகத்துக்காக அந்தப் பிள்ளையிடமே கேட்டேன், அவர் பேசுகிற மாதிரியே ஒரு பதில் எழுதித் தருவாயா என்று. எழுதித் தந்தாள். ஆரன் இருந்தது. "மழடா, சோம்பலா இருக்குடா" இருந்தது. நடுவில் ஒரு கெட்ட வார்த்தைகூடச் சரியான இடத்தில் இருந்தது. படித்து முடித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் ஓடினேன். திரும்பி வந்தபோது கேட்டாள்: "அனுப்பட்டுமா?"

உங்கள் கண்ணுக்குப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்ன பிறகும், அப்பா உங்களிடம், "கொஞ்ச நாள்ல சரியாயிரும்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது. உண்மை தெரிந்த அன்று நீங்கள் கண்ணுக்காக அழவில்லை. "எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் எங்கூடப் பேசிக்கிட்டு இருந்தீகளா? இருட்டுல நிக்கிறவன்கிட்ட இருட்டுன்னு சொல்ல என்னடா பயம்?" என்று அப்பாவிடம் கேட்டீர்கள். அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை.

"அனுப்ப வேணாம்" என்றேன். அப்பாவிடம் போய், "மேல போவோம்ப்பா. நேர்ல சொல்லுவோம்" என்றேன். அவர் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். பிறகு, "ரோடு சரியாகட்டும், போவோம்" என்றார்.

போனோம். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு போனோம். கடை வாசலில் எங்களைப் பார்த்ததும் சேட்டனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்பாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒரு துணியை எடுத்து பெஞ்சில் உங்களுக்கான இடத்தைத் துடைத்தார்.

"மோளே, அவன் எவிடே?"

உங்கள் ஃபோனை அவர் முன்னால் வைத்தேன். நான் பேசினால் போதும், மலையாள எழுத்தில் வந்துவிடும். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். என் வாய், பெரியப்பா, ஊரே பயப்படுகிற என் வாய், அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. திரை வெள்ளையாகவே இருந்தது. அவர் காத்திருந்தார். எழுத்து வரவேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"எப்போழா?" என்றார்.

அதற்கு மேல் பேச்சு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாசித்தார். அவன் ரொம்ப வேதனை தின்றானா என்று கேட்டார். முதல் நாள் ரொம்ப, பிறகு இல்லை என்றேன். அப்பா தடுப்பதுபோல என் கையைப் பிடித்தார். நான் பொய் சொல்லவில்லை. பிறகு அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஞான் அவன எந்தெல்லாம் ஏசி... அவன் கேட்டானா மோளே?"

"இல்ல சேட்டா. கடைசியாக் கேட்டது அந்த நாய்க் கதைதான். அதுக்குச் சிரிச்சார்."

அதையும் வாசித்தார். "நாய்க்கு ஒரு வர்க்கி" என்று முனகினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. தனக்கே கேட்காததால் அது எவ்வளவு பெரிய சத்தமென்று அவருக்குத் தெரியவில்லை. ரோட்டில் போன ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

கிளம்பும்போது என் தலையில் கை வைத்தார். "நாளைக்கும் ஞான் பேசும். ஆரெங்கிலும் கேள்க்கணும். நீ கேளு. அவனாயிட்டு வேண்டா. நீயாயிட்டு."

அதிலிருந்து நானாகவே கேட்கிறேன். என் பேரில் பதில் அனுப்புகிறேன். அவர் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார். நீங்கள் மஞ்சில் வழி தெரியாமல், வண்டி நிறையப் பெண்களை வைத்துக்கொண்டு, இறங்கி டார்ச்சோடு முன்னால் நடந்து வழிகாட்டியது. கிளீனர்ப் பையன் அந்த ஜீப்பை உங்கள் பின்னாலேயே ஊர்ந்து ஓட்டி வந்தது. பெரியம்மா இறந்த வாரம் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து நீங்கள் அழுதது. கீழே எங்கள் முன்னால் நீங்கள் அழவே இல்லை. மலையடிவாரத்தில் இருந்த பெரியப்பாவைத்தான் எங்களுக்குத் தெரியும். மேலே இருந்த பெரியப்பா இப்போதுதான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிறார். யாருக்கும் சொல்லாமல் நான் அவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்குச் சொன்னார், ஒரு தடவை நீங்கள் பின்னால் வந்த யானைக்கு வழிவிட்டு ஜீப்பை ஒதுக்கி நிறுத்தி, அதற்கு வணக்கம் வேறு வைத்தீர்களாம். யானையும் தும்பிக்கையைத் தூக்கியதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும்தான் ஞாபகம் வந்தது. வர்க்கி சொல்வதில் பாதி புளுகு என்று ஒருநாள் நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள்.

எந்தப் பாதி என்று சொல்லாமல் போய்விட்டீர்களே, பெரியப்பா.