இரண்டுக்கு இரண்டு

அன்பு வாலுவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று எழுதித் தொடங்கக் கை வரவில்லை, நலமாக இருக்க வேண்டும் என்று தொடங்குகிறேன், இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம். காலையில் போனில் வந்துடவாம்மா என்று நீ கேட்டபோது, வராதே என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது உனக்கே தெரியும், நம் வீட்டில் அது எப்போது ஸ்பீக்கரில் இல்லாமல் இருந்தது, அப்பா குறுக்கே வந்து வாடா கண்ணு, உனக்கு இல்லாத வீடா, சித்தப்பா ஆபீஸ்ல சீட்டு காலியாத்தான் இருக்கு என்றார், நீ மூக்கை உறிஞ்சி அழுகையை மறைத்தாய், அதோடு பேச்சு முடிந்தது. அதனால்தான் இதை நான் வேலை பார்க்கும் கிளினிக்கில், மதிய இடைவேளையில், பல் டாக்டரின் தாளில் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கோச் அணியை அறிவிக்கும்போது உன் பெயர் இல்லாவிட்டால் கூடைப்பந்துக்காகக் கிடைத்த கல்லூரி இடமும் ஹாஸ்டலும் போய்விடும், அப்புறம் இந்த வீடுதான். ஃப்ரீ த்ரோ பாதிதான் விழுது, இப்போ உள்ளேயும் போக மாட்டேங்கிற, உன்னை வச்சு நான் என்ன பண்றது என்று எல்லார் முன்னாலும் அவர் கேட்டாராமே. நான் தேடிப் படித்தேன். கோட்டில் தனியாக நின்று போடும் அந்த ஃப்ரீ த்ரோவில், அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் பத்து போட்டால் ஏறக்குறைய ஏழு விழுகிறதாம், அரை நூற்றாண்டாக அது பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஷூ மாறியது, பயிற்சி மாறியது, அந்த ஏழு மட்டும் அப்படியே நிற்கிறது. ஆட்டத்தில் யாரும் குறுக்கே வராத இடம் அது ஒன்றுதான், பந்தைத் தட்டிவிட ஆளில்லை, கூடையும் நகர்வதில்லை, எல்லாரும் ஒதுங்கி நின்று உன்னைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். யாரும் தடுக்காத இடத்தில்தான் கை நடுங்கும் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

போன ஆட்டத்தை இங்கே முன்மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்த லாரிக்காரர், உன் கைக்குப் பந்து வரும்போதெல்லாம் உள்ள போம்மா, உள்ள போ என்று கோணல் வாயால் குழறினார், டாக்டர் எட்டிப் பார்த்து இது கிளினிக்கா ஸ்டேடியமா என்றார். நீ உள்ளே போகவில்லை. முன்பெல்லாம் இரண்டு பேருக்கு நடுவில் முட்டி மோதிக்கொண்டு கூடைக்கு அடியில் போவாய், அவர்கள் உன்மேல் விழுவார்கள், விசில் ஊதும், நீ போய்க் கோட்டில் நிற்பாய். இப்போது ஒருத்தி நெருங்கி வந்தாலே பந்தைப் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடுகிறாய். கோட்டில் நின்று ஒருத்தி தவறவிட்டால் மறுநாள் அணி முழுக்க மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்பது உங்கள் கோச்சின் சட்டம், மகாராணிக்காக ஓடுறோம்டி என்று அந்தப் பெண்கள் சொன்னதை நீதான் சொன்னாய். கோட்டுக்கே போகாவிட்டால் தவறவிடவும் வேண்டாம் அல்லவா. அன்று ஆட்டம் முழுக்க ஒரே தடவை கோட்டில் நின்றாய், இரண்டு போட்டாய், இரண்டும் விழுந்தது. அப்பா கல்லூரி இணையதளத்தில் பார்த்துவிட்டு எம் பொண்ணு நூத்துக்கு நூறு என்று மாடிவீட்டுக்காரர் வரை சொல்லியாயிற்று.

அந்த நூறைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எனக்கும் அதே நூறுதான். அவ கேட்டு நான் இல்லைன்னு சொன்னதே கிடையாது என்று அப்பா எல்லாரிடமும் சொல்வார், அது பொய்யும் இல்லை. பத்தொன்பது வயதில் உன்னைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பை முடிக்கட்டுமா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார். மறுபடி கேட்டபோது முகம் வாடி, குழந்தை பாவம் இல்லையா என்றார். அதற்கப்புறம் கிடைக்கிறதை மட்டும் கேட்கப் பழகிக்கொண்டேன், திரைச்சீலை, மிக்ஸி, நூலக உறுப்பினர் அட்டை, எல்லாம் கிடைத்தது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

அதனால் வராதே. உள்ளே போ. மோதினால் மோதட்டும், எழுந்து கோட்டில் நில், பத்தில் ஐந்துதான் விழும் என்றால் ஐந்து விழட்டும். திட்டுகிறவர்களோடு நீயும் சேர்ந்து ஓடு. கோச் உன் பெயரை அடித்துவிட்டாலும் அங்கேயே வேறு ஏதாவது வழி பார்ப்போம், நான் இருக்கிறேன். முழங்காலுக்கு ஐஸ் வைக்கச் சோம்பல் படாதே, வெறும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு ஆடப் போகாதே. உன் தோள் தளராமல் இருக்கட்டும், நினைத்த இடத்தில் நீ நிற்க வேண்டும், நன்றாக இரு. பதிலை வீட்டுக்கு எழுதாமல் கிளினிக் முகவரிக்கு எழுது, மறந்துவிடாதே, யாராவது கேட்டால் கடைவாய்ப் பல் விஷயம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா

பி.கு. இதை மறுநாள், வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டில் எழுதுகிறேன். நேற்று சாப்பிடும்போது, அவ வர வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. உடம்பு சரியில்லையா உனக்கு என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இன்று காலை உன் அறைக்குப் பெயிண்ட் அடிக்க அப்பா வரச்சொன்ன ஆள் வந்தார். வேண்டாம், போங்க என்றேன். சார் சொல்லட்டும்மா என்று வாளியோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்.