சீசரை அழைத்துவந்த மாலை

உனக்கு,

போன வாரம் பேரனோடு சேலத்தில் நாய்ச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். பிஸ்கட், ஷாம்பு, ரப்பர் பந்துகளுக்கு நடுவே அது தொங்கியது: உள்பக்கமாகப் பல் வளைந்த இரும்புக் கழுத்துப்பட்டை. "ஒரு இழுப்பு இழுத்தாப் போதுமுங்க, கம்முனு நிக்கும்" என்று சிரித்தார் கடைக்காரர். பேரனை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இதைச் சொல்ல நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரே பள்ளியில் நீ தையல் டீச்சர், நான் ஹாஸ்டல் வார்டன். அல்சேஷன் வளர்ப்பது எஸ்டேட் முதலாளிகளின் பொழுதுபோக்கு என்று ஊர் நினைத்திருந்த காலத்தில், நீ குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ரோஸியை வளர்த்தாய். அவள் ஈன்ற குட்டிகளில் ஒன்றிரண்டை நிறுத்திவைத்து, நன்றாகப் பழக்கிய பிறகுதான் கொடுப்பாய். காப்பி உலர்த்தும் களம் காலியாகக் கிடக்கும் மாதங்களில் பயிற்சி அங்கேதான். கையில் கோணிப்பையைச் சுற்றிக்கொண்டு திருடனாக ஓடுவது என் வேலை. ரோஸியின் மகன் சீசர் பாய்ந்து வந்து மறித்துக் குரைப்பான், பல் படாது. "பயந்த நாய்தான் கடிக்கும் புள்ள. தெளிஞ்ச நாய் நிக்கும்" என்பாய். ராகியோடு மாட்டுக் குடல் வெந்த வாடை நம் புடவைகளை விட்டுப் போகாது. மற்ற டீச்சர்கள் தள்ளித்தான் உட்காருவார்கள்.

கரடியூர்ப் பக்கம் எஸ்டேட் வாங்கியிருந்த ஒருவர் சீசரைக் கேட்டு வந்தார். மரியாதையான பேச்சு, பள்ளிக்கு நன்கொடை தருகிறவர். "காவலுக்குத்தானுங்க டீச்சர். எம் புள்ளையாட்டம் பாத்துக்குவேன்" என்றார். நம்பிக் கொடுத்தாய்.

அந்த வருஷம் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், ஹாஸ்டலில் பாத்திரம் கழுவிய பாப்பாத்தி அவர் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போனாள். ஒரு நாள் நொண்டிக்கொண்டு உன் வாசலுக்கு வந்தாள். கெண்டைக்காலில் பல் பதிந்திருந்தது.

"சாயங்காலம் எடை போட்டதும் பொம்பளைங்கள வரிசையா நிக்க வெச்சு நாய உடறாங்க. மடியில பழம் ஒளிச்சிருக்கமான்னு அது மோந்து பாக்கோணுமாம். நாங்க அலறுனா அவங்களுக்கு நொம்பச் சிரிப்பு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "உங்க ஊட்டு நாய்தானுங்க டீச்சர் அது."

நீ அவள் காலைக் கழுவி மருந்து போட்டாய். ஊசி போட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாய். பிறகு நாம் இருவரும் ஜீப் பிடித்துப் போனோம்.

எடை போடும் கொட்டகைக்கு முன்னால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். சிலர் கண்ணை இறுக மூடியிருந்தார்கள். எதிரே நாற்காலி போட்டு அவரும் இரண்டு விருந்தாளிகளும் டீ குடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். டீ! அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. "வாங்க டீச்சர், உங்க நாய் வேலை செய்யற அழகப் பாருங்க" என்றார், பெருமையாக.

சீசரைக் கொண்டுவந்தார்கள். விலா எண்ணலாம் போலிருந்தது. பல் வைத்த இரும்புப் பட்டை கழுத்துச் சதையில் இறங்கி, அதைச் சுற்றிச் சீழ், சீழுக்குள் புழு. அந்த நாற்றம் நம்மை எட்டியதும் நீ ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி, வரிசையின் கடைசியில் போய் நின்றாய். நானும் உன் பக்கத்தில் நின்றேன்.

"இப்ப உடுங்க" என்றாய்.

"ஏனுங்க டீச்சர், சும்மா ஒரு வெளையாட்டுக்கு..."

"உடச் சொன்னனுங்க."

விருந்தாளி ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே அவர் கையை அசைத்தார். சீசர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். உன் முன்னால் வந்ததும் தடுமாறி நின்றான். முகர்ந்தான். அப்படியே தரையோடு ஒட்டிப் படுத்து மூத்திரம் விட்டான். நீ உட்கார்ந்து பட்டையைக் கழற்றி வீசினாய். சீழ் உன் கையெல்லாம் வழிந்தது.

"அது நான் வாங்கின நாய்!" என்று கத்தினார்.

"நான் குடுத்தது இதில்லீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாய். சீசர் பின்னாலேயே வந்தான். பாப்பாத்தியின் கூட்டாளிகள் நாலைந்து பேரும் வரிசையை விட்டு நம்மோடு இறங்கினார்கள்.

அவர் பள்ளியில் புகார் சொன்னார். பெரிய மனிதரைப் பகைக்கலாமா என்று நிர்வாகம் உன்னைத்தான் கேட்டது. அந்தக் கேள்வி எனக்குப் புழுவைவிட அருவருப்பாக இருந்தது. கொட்டகையைப் பிரிக்கச் சொன்னார்கள். நீ வெள்ளக்கடை கிராமத்தில் வாடகை வீடு பார்த்துக்கொண்டாய். வேப்பெண்ணெயும் கற்பூரமும் போட்டுப் போட்டுச் சீசரின் புண் ஆறியது. ஆனால் யாராவது கையைத் தூக்கினால் கடிப்பான். உன்னையே இரண்டு முறை கடித்தான். அவன் சாகும்வரை வைத்திருந்தாய். ரோஸிக்கு அதன்பின் குட்டி எடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "குட்டி நல்லதாத்தானுங்க பொறக்கும். போற எடந்தான் தெரியாது" என்று அனுப்பிவிடுவாய்.

அடுத்த பருவத்துக்குள் அந்த எஸ்டேட்காரர் வேறொரு நாயை வாங்கிவிட்டார்.

இப்போது நான் மகளோடு அடுக்குமாடியில் இருக்கிறேன். வேலைக்கு வரும் பெண்கள் சாயங்காலம் வெளியே போகும்போது கேட்டில் நிறுத்திப் பையைச் சோதிக்கிறார்கள். நான் நடைக்குக் கிளம்புவதும் அந்த நேரம்தான். வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறேன். "நீங்க எதுக்குங்கம்மா? போங்க" என்கிறார் வாட்ச்மேன். என் முறை வரும்வரை நின்று, பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போகிறேன்.