எடை குறையவில்லை

குன்சான்
அக்டோபர் 11

அன்புள்ள சான்யோங்,

உன் கடிதம் கிடைத்தது. குதிகால் கொப்புளம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். இரட்டைக் காலுறை போடச் சொல்கிறாள் அம்மா.

இதை உட்கார்ந்து படி. கட்டில் ஓரமானாலும் போதும்.

என் மருத்துவச் செய்முறைத் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். பத்து அறைகள், பத்து நோயாளிகள், ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். நோயாளிகளாக வருகிறவர்கள் நடிகர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்திருப்பார்கள், அதில் இருப்பதைத்தான் சொல்வார்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், இருமல், மேல்வயிற்று வலி. வழக்கமாக வருபவை இவைதான்.

கெட்ட செய்தி சொல்வதும் அந்தப் பட்டியலில் உண்டு. எதிரில் இருப்பவரை முதலில் உட்கார வைக்க வேண்டும். பிறகு அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும்.

உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அம்மாவுக்கு முதுகுவலி, அதற்குக் காரணம் அவள் ஓட்டும் பதினான்காம் நம்பர் பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கை.

ஆகஸ்டில் எனக்குப் பயிற்சிக்கு ஆள் கிடைக்கவில்லை. நீ கோழிக்கடை வேலைக்குப் போகும் மாலைகளில் அம்மா நோயாளியாக உட்காருவாள். சீருடையைக்கூட மாற்ற மாட்டாள். கதவைத் தட்டிவிட்டு நான் உள்ளே வர வேண்டும். வந்ததும், "டாக்டர் ரொம்ப சின்னப் பொண்ணா இருக்கே, பெரியவங்க யாரும் இல்லையா?" என்பாள். தாளில் அப்படி இருக்காது. நான் சிரித்தால் மதிப்பெண் போய்விடும் என்று மிரட்டுவாள்.

ஒரு நாள் மேல்வயிற்று வலி. தாளின்படி அவள் திரு. பே, வயது ஐம்பத்திரண்டு, மூட்டுவலி மாத்திரையால் வயிற்றில் புண். எடை குறைந்ததா என்று கேட்டேன்.

"பெல்ட்டு ரெண்டு ஓட்டை உள்ள போயிருச்சு" என்றாள்.

"அம்மா, தாள்ல இல்லைன்னு போட்டிருக்கு. இல்லைன்னு சொல்லு."

"அடியே, வயிறு என்னுதா, உன் பேப்பரோடதா?"

"நேரம் போகுதும்மா."

"சரிங்க டாக்டரம்மா. எடை குறையலைங்க."

குறித்துக்கொண்டேன். வலி முதுகுக்குப் பரவுகிறதா? ஆமாம் என்றாள். அதையும் தாளின்படி திருத்தினேன். பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டேன். கண்டறிதல் சரி. இருவரும் குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிட்டோம். அவள் பாதியை என் கிண்ணத்தில் தள்ளிவிட்டாள். நான் தின்றேன்.

கெட்ட செய்தி சொல்வதில் அடுத்த படி, முன்கூட்டி எச்சரிப்பது. சான்யோங், நான் சொல்லப்போவது நல்ல செய்தி இல்லை.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டது. அறுவை சிகிச்சை முடியாது என்கிறார்கள். மருந்து ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள்.

இங்கே நிறுத்தி, எதிரில் இருப்பவருக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

எங்களிடம் சொன்ன மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் கண்மட்டத்தில் உட்கார்ந்தார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மனதுக்குள் அவருக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்து, "உன் டீச்சரா? நல்லா சொல்றார்" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. இதுவரை வரவில்லை. நன்றாகத் தூங்குகிறேன். பாடம் மனதில் நிற்கிறது.

உன் ராணுவப் பயிற்சி முடியும்வரை உனக்குச் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. "அவன் துப்பாக்கி புடிக்கிற நேரத்துல இதெல்லாம் எதுக்கு?" என்றாள். நான் மீறிவிட்டேன். இருபத்தொன்பதாம் தேதி நிறைவு விழாவுக்கு அம்மா வருவாள். சீருடைக் கோட்டில்தான் வருவேன் என்கிறாள். அது இப்போது அவள் தோளில் நிற்பதில்லை. நீ எதுவும் தெரியாமல் அவளைப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

தேர்வை அடுத்த வருடம் எழுதுகிறேன் என்றேன். அம்மா மேல்வயிற்று வலித் தாளை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். எடை குறைந்ததா என்று நான் கேட்க வேண்டிய இடம் வந்தது. கேட்க முடியவில்லை. அவளாகவே, "குறையலைங்க" என்றாள். தாளில் இருப்பது போலவே.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். விழா நாளில் அவளைக் கண்டதும், இளைத்துவிட்டாயே அம்மா என்று சொல். வேறு எதுவும் தெரிந்ததாகக் காட்டாதே. அவளாகவே சொல்லத் தொடங்குவாள். பெல்ட்டிலிருந்து தொடங்குவாள். எவ்வளவு நேரமானாலும் கேள்.

குறுக்கே திருத்தாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஹேரிம்