கூலண்ட் குறைந்த கதை

அன்புள்ள அப்பா,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் சௌக்கியம்.

பயப்பட ஒன்றுமில்லை, கேட்டால் சிரிப்பீர்கள். நான் ஓட்டும் டெலிவரி வேனில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் பத்து நாளாகக் குறைந்துகொண்டே வந்தது. நம் காருக்கு நீங்கள் செய்வதுபோல் நானும் தினமும் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். திங்கட்கிழமை நடுரோட்டில் இன்ஜின் கொதித்துவிட்டது. ஓரங்கட்டி நிறுத்தினேன். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை.

எங்கள் கம்பெனி மெக்கானிக் அக்கா வந்து, கசிந்த ரப்பர் ஹோஸை மாற்றினார். "குறையுதுன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். தண்ணி ஊத்துற வைத்தியத்த யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவரோடு கடைக்குப் போய்ப் பச்சை கூலண்டை எடுத்தேன். "கலரப் பாத்து வாங்காத. வண்டி புக்குல என்ன போட்டிருக்கோ அதான்" என்று பிடுங்கி வைத்துவிட்டார்.

நம் கார் புத்தகம் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அதில் சொன்ன கூலண்டையே வாங்கி ஊற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, அறையில்தான் இருப்பேன். அன்று காலையில் இன்ஜின் சூடாகும் முன்பே அளவைப் பார்த்துவிட்டு போன் செய்யுங்கள்.

லோடு ஏற்றிவிட்டார்கள், கிளம்புகிறேன். அளவு குறையாவிட்டாலும் போன் செய்யுங்கள் அப்பா.

உங்கள் மகள்