முழங்கையால் திறக்கும் குழாய்

பேசாமல் இருந்தது போதும். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆன பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் நியாயம் இல்லை என்று எனக்கே தெரிகிறது. நமக்குள் எதில்தான் நியாயம் இருந்தது?

நேற்று என் மனைவியோடு கள்ளக்குறிச்சிக்குப் போனேன், சமையலறைக்குக் குழாய் வாங்க. பழைய குழாய் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுகிறது. வாஷர் மாற்றி மாற்றி அலுத்துப்போன பிளம்பர், "புதுசா ஒண்ணு வாங்கிக்கினு வந்துடுங்க சார், இது தேறாது" என்று சொல்லிவிட்டார். கடையில் ஒரு சுவர் முழுக்கக் குழாய்கள். கொக்குக் கழுத்து மாதிரி வளைந்தது, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது, இரண்டு பக்கமும் திரும்புவது. எதற்கு எது என்று எனக்கு விளங்கவில்லை. கடைக்காரர் நீண்ட பிடி வைத்த ஒன்றை எடுத்து என் மனைவியிடம் காட்டினார்.

"அக்கா, இப்ப எல்லாரும் இததான் கேக்குறாங்க. கையில மாவு, எண்ண, இன்னா இருந்தாலும் சரி, முழங்கையால இப்படி ஒரு தள்ளு. கையே பட வேணாம். கறையே ஆவாது."

அவள் முழங்கையால் தள்ளிப் பார்த்துச் சிரித்தாள். "நல்லாத்தாங்க இருக்குது. இதையே எடுத்துக்கலாமா?"

நான் கடையை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டேன். பின்னாலேயே வந்தாள். "இன்னாங்க ஆச்சு? கொழாயப் பாத்துக் கோச்சிக்கினு வந்த ஆம்பளைய இப்பதான் பாக்குறேன்."

குழாய் வாங்காமலே பஸ் ஏறினோம்.

உனக்குத்தான் தெரியும் என்ன ஆயிற்று என்று. அல்லது உனக்கும் தெரியாதோ? அதுதான் என் குழப்பமே.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். நீயும் நானும் டிகிரி முடித்துவிட்டு அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். எலவனாசூர்கோட்டையில் உன் வீட்டுக்குப் பின்னால் இருந்த மோட்டார் கொட்டகைதான் நமக்குப் படிக்கும் இடம், படுக்கும் இடம், எல்லாம். என்னை வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை. எங்கள் தெருவிலிருந்து ஒருவன் உங்கள் தெருவில் தங்கிப் படிப்பதே அன்றைக்குப் பெரிய சங்கதி. அதை நீ செய்தாய். அதையும் நான் மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் உன்னை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

உங்கள் சமையலறையின் பின்சுவரில், வெளிப்பக்கமாக, ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. மோட்டார் போட்டுத் தொட்டியில் ஏற்றிய தண்ணீர். உன் அம்மா சமையலுக்குப் பிடிப்பதும் அதில்தான், நான் முகம் கழுவுவதும் அதில்தான். எந்த நேரம் பார்த்தாலும் அது பொன் மாதிரி மின்னும். ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் உன் அம்மாவிடம் சொன்னேன்: "உங்க வூட்டுக் கொழா மாதிரி எங்கயும் பாத்ததில்லம்மா. இன்னா பளபளப்பு!"

உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "புளி போட்டுத் தேய்ப்பேன் தம்பி" என்றார். நீ புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை.

பிறகு அந்த ஒரு வார மறியல் வந்தது. உங்கள் ஆட்கள் சாலை நெடுக மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது, கடைக்குச் சரக்கு கிடையாது. நான் உன் வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். "உங்களுக்கு இன்னாடா, கோட்டா இருக்குது" என்று கல்லூரியில் என்னைச் சீண்டியவன் நீ. இப்போது உங்களுக்கும் வேண்டும் என்று மரம் விழுகிறதே என்று நான் கேட்டதற்கு, "ஆமாண்டா, பசிச்சாத்தான் சோறு கேப்பாங்க" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு நமக்குள் அப்படித்தான் பேச்சு.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ. கொட்டகை வாசலில் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு நீ உள்ளே பார்த்துக் கத்தினாய்: "ஏம்மா, இன்னா கொழம்பு இது? புளியே இல்ல?"

உள்ளிருந்து பதில் வந்தது. "இருந்த புளியெல்லாம் கொழாய்க்கே பூடுச்சு. ஒரு நாளைக்கு எத்தினி வாட்டிடா தேய்க்கிறது? கடையிலயும் இல்லன்றான்."

நான் வெளியே இருப்பது அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். அல்லது மறக்கவில்லையோ என்னவோ.

நான் ஒவ்வொரு தடவை தொட்ட பிறகும் அது தேய்க்கப்பட்டிருக்கிறது. வருஷக்கணக்காக. அதன் பளபளப்பை நான் வேறு மெச்சியிருக்கிறேன். நீ ஏதாவது சொல்வாய் என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ குனிந்து சோற்றைப் பிசைந்தாய். பிசைந்துகொண்டே இருந்தாய். நானும் அந்தக் குழம்பை மிச்சம் வைக்காமல் தின்றேன். ஏன் தின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்று மத்தியானமே ரிஷிவந்தியம் பக்கம் இருந்த என் ஊருக்கு நடக்கத் தொடங்கினேன். நீ தடுக்கவில்லை. வழியில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன் மேல் ஏழெட்டுப் பேர். "யாரு நீ? எந்தத் தெரு?" என்றார்கள். உன் அப்பா பேரைச் சொல்லி, அவர் வீட்டிலிருந்து வருகிறேன் என்றேன். "நம்ம புள்ளதான், வுடுங்கடா" என்றார் ஒருவர். கை கொடுத்து மரத்தைத் தாண்டவைத்தார். இல்லை, நான் உங்கள் பிள்ளை இல்லை என்று சொல்லாமல் அந்தக் கையைப் பிடித்துத் தாண்டினேன். உன் மேல் வைத்திருக்கும் கோபத்தில் பாதி அந்த நிமிஷத்துக்காக என் மேலேயே வைத்திருப்பதுதான் என்று சில நாள் தோன்றும்.

ஒரு மாதம் கழித்து சைக்கிளில் வந்தாய். "வாடா, ஒண்ணு காட்டணும்" என்று வற்புறுத்தி அழைத்துப் போனாய். பித்தளைக் குழாய் இருந்த இடத்தில் ஆஸ்பத்திரியில் டாக்டர் கை கழுவுகிற மாதிரி நீண்ட பிடி வைத்த வெள்ளைக் குழாய். விழுப்புரம் வரை போய் வாங்கி வந்ததாகச் சொன்னாய். உன் முழங்கையால் தள்ளிக் காட்டினாய்.

"கையே வெக்க வேணாம்டா. இப்படித் தள்ளு, தண்ணி வரும். யாருக்கும் தொல்ல இல்ல."

யாருக்கும் என்றால் யாருக்கு? நான் கேட்கவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதே திரும்பி நடந்தேன். நீ பின்னால் இரண்டு முறை கூப்பிட்டாய். பிறகு எனக்கு வேலை கிடைத்து வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்துவிட்டேன். நீயும் உங்களுக்குக் கிடைத்த ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு கடிதம் போட்டாய். பிரித்துப் படித்தேன், பதில் எழுதவில்லை. குழாயைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. அதற்காகவும் கோபப்பட்டேன்.

அம்மாவிடம் "தேய்க்காதே" என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்குத் துணிவில்லை. அதற்குப் பதிலாக ஒரு குழாய் வாங்கினாய். என் கை படாமல் பார்த்துக்கொண்டாய். இத்தனை வருஷமும் இதுதான் என் தீர்ப்பு. நான் இதை அசைத்துப் பார்த்ததே இல்லை.

நீ போன சேதியைச் சொன்னவர் உன் ஊர்க்காரர், ஓய்வு பெற்ற கண்டக்டர். மலைப் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் உன்னோடு படித்தவன் என்றதும் பேசிக்கொண்டே வந்தார். "நல்ல மனுசன் சார். ஒரு கிறுக்கு மட்டும் உண்டு. அவுரு வூட்டுல யாரும் கொழாயக் கையால திறக்கக் கூடாது. பொண்டாட்டி, புள்ளைங்க, பெத்த தாயி, எல்லாம் முழங்கைதான். அந்தம்மா ஒருதரம் கையால திருப்புனாங்கன்னு சோத்துத் தட்ட வுட்டு எழுந்து போயிட்டாராம். இன்னா காரணம்னு கேட்டா வாயே தொறக்க மாட்டாரு."

கண்டக்டர் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன்னிடம் பேசாமலே இருந்துவிட்டது சரியா என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் முதலில் வந்தது.

நேற்றுச் சாயங்காலம் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "உங்களுக்காகத்தான் மாத்தியிருப்பாரு" என்றாள். அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டே, "அவுங்க அம்மா வாயி மூடணும்னும் இருக்கும்" என்றாள். பிறகு கீரையைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கா இருந்தா இன்னாங்க? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? அவரும் சொல்லியிருக்கலாம். படிச்சவங்கதான ரெண்டு பேரும்?" என்றாள்.

இதற்கு உன்னிடம் பதில் இருந்ததா?

"நம்ம வூட்டுக்குக் கையால திருப்புறதே வாங்கலாம். யாரு வேணாலும் தொடட்டும், அழுக்கானா ஆவட்டும்" என்று குழாய் விஷயத்தை அவளே முடித்துவிட்டாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்றும் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் அங்கே நான் குழாயைத் திறப்பதில்லை. வீட்டுக்காரர் யாராவது வந்து திறக்கும்வரை கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். ஹெட்மாஸ்டர் ஜம்பம் என்று நினைக்கிறார்கள். "மாப்ள கணக்கா நிக்கிறீங்களே" என்பாள் இவள். உன் வீட்டிலிருந்து நான் எடுத்து வந்தது அது ஒன்றுதான். எந்தக் குழாய் வாங்கினாலும் அது போகாது.

உன் அம்மா இன்னும் இருக்கிறாராம். கண் தெரியவில்லையாம், உன் மனைவிதான் எல்லாம் படித்துச் சொல்வாராம். இந்தக் கடிதத்தையும் அவர்தான் பிரிப்பார். பேர் போட்டால் இது எங்கள் தெருக்காரன் உங்கள் வீட்டின் மேல் வைக்கும் குற்றச்சாட்டு ஆகிவிடும். அல்லது சிநேகிதன் காலம் கடந்து கேட்கும் மன்னிப்பு ஆகிவிடும். இரண்டில் எது என்று எனக்கே தெரியாதபோது எப்படிக் கையெழுத்துப் போடுவது? முழங்கைக்குக் காரணம் மட்டும் அந்த வீட்டுக்குத் தெரியட்டும். நாளைக் காலை உன் முகவரி எழுதித் தபாலில் சேர்க்கிறேன், அடியில் பேர் இல்லாமல்.